அறுநூறா, எழுநூற்றைம்பதா?

பச்சை விழுந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

ஆக்லாந்துக்குத் தெற்கே பாபகூராவிலிருந்து மோட்டார்வே என்கிற அதிவேகச் சாலையில் ஏறும் சரிவில் ஒரு சிக்னல் உண்டு. ஒரு பச்சைக்கு ஒரு கார்தான். நம் முறை வந்ததும் தயங்காமல் கிளம்பி, சரிவு முடிவதற்குள் வேகம் பிடித்து, ஏற்கனவே நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வரிசையில் ஓர் இடைவெளி பார்த்து நுழைந்துவிட வேண்டும். அன்று இடைவெளி கிடைத்தது. அதற்குப் பின்னால் ஒரு பால் டேங்கர் வந்துகொண்டிருந்தது. தாராளமாக நுழைந்துவிடலாம் என்று காலைத் தரை வரைக்கும் அழுத்தினேன்.

கார் பாயவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல ஒரு பெருமூச்சு விட்டது. என்ஜின் சத்தம் நின்றேபோனது. கார் தன்பாட்டுக்கு உருண்டது. பக்கத்து இருக்கையில் இருந்த வசந்தி அக்காவின் மடியிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி வழுக்கிக் கீழே விழுந்து திறந்துகொண்டது. கண்ணாடியில் டேங்கர் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் ஹாரன் நிற்கவே இல்லை.

பிறகு என்ஜினுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் எங்கள் இருவர் தலையும் இருக்கையில் போய் முட்டின. டேங்கர்காரர் எங்களைக் கடந்து போகையில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஆனால் கையைப் பார்த்தாலே புரிந்தது.

"அக்கா, ஒண்ணும் ஆகல. பாருங்க, ஓடுது" என்றேன்.

அக்கா குனிந்து, காலடியில் சிதறிய இடியப்பத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இடியப்பத்தைப் பொறுக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. காரெல்லாம் சம்பல் வாசனை. நகரத்துக்குள் நுழையும்வரை அவர் நிமிரவே இல்லை. மருத்துவமனையில் காரை நிறுத்தியதும் பெட்டியை மூடிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு நான் ரயிலில வாறன், மீனா."

ஆளுக்குப் பாதி

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு வசந்தி அக்காவைத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள் என்றால் ஒரு சிறு அறிமுகம். நானும் அவரும் ஆக்லாந்தில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கிறோம். அவர் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். நான் மூச்சுப் பரிசோதனை அறையில் நாள் பூராவும் ஆட்களை "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று விரட்டுகிறவள். அவருக்கு யாழ்ப்பாணம், எனக்குத் திருச்சி. என்னைவிடச் சில வயது மூத்தவர். இருவர் வீடும் பாபகூராவில், பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்.

அந்தக் காருக்கு நாங்கள் இருவரும்தான் சொந்தக்காரர்கள். ஆளுக்குப் பாதி.

தெருமுனை டெய்ரிக்குப் பால் வாங்கப் போன ஒரு நாளில், பக்கத்து வீட்டுப் புல்வெளியில் விற்பனைக்கு என்ற அட்டையோடு அது நின்றது. ஆரஞ்சு நிறம். ஆஸ்திரேலியாவில் செய்த பழைய வண்டி. இங்கே இதை மசில் கார் என்பார்கள். சாதாரண வீட்டுக் காருக்குள், அதற்குக் கொஞ்சமும் தேவைப்படாத எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டர் என்ஜினைத் திணித்துவைத்த வண்டி. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே சொந்தக்காரர் வந்து ஸ்டார்ட் செய்து காட்டினார். உள்ளங்காலில் அதிர்ந்தது.

அக்கா காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "இவ்வளவு நாளும் தேவையானதுதான் வாங்கினனான். ஒருக்கா தேவையில்லாததொண்டு வாங்குவமே?" என்றார்.

பாலை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

என் கணவர் சேகர் எலெக்ட்ரிக் கார் ஓட்டுகிறவர். அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. எங்கள் ஆரஞ்சு வண்டி உறுமிக்கொண்டு வாசலில் ஏறியதைப் பார்த்து அவர், "ரெண்டு பேரும் சேந்து யானை வாங்கியிருக்கீங்க. கட்டிப் போடுறது மட்டும் நம்ம வீட்டுலயா?" என்று கேட்டார். ஆமாம், எங்கள் வீட்டில்தான். அக்கா வீட்டு கராஜ் முழுக்க அவர் கணவரின் மரச்சாமான் வேலை.

எப்போதும் நான்தான் ஓட்டுவேன். இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டத் தனக்குக் கை வராது என்று அக்கா சொல்லிவிட்டார். காலையில் போகும்போது பேச ஆரம்பித்தால் மாலையில் திரும்பி வரும்வரை பேச்சு தொடரும். அந்த என்ஜின் சத்தத்தில் ரகசியம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். என் மாமியாரைப் பற்றி நான் கத்தியிருக்கிறேன். தன் மகள் வெலிங்டனிலிருந்து போன் செய்வதே இல்லை என்று அவர் கத்தியிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் நாங்கள் மோட்டார்வேயில் சொல்லிக்கொண்டோம்.

பிறகு தேவைப்படும்

விஷயத்துக்கு வருகிறேன். காரில் பெட்ரோல் வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது. பழைய கார்புரேட்டர் கசிகிறது, மாற்ற வேண்டும் என்று தெரியவந்தது.

கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமான். ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்றை உள்ளே விடும் என்பதுதான் அதன் அளவு. வாங்கப் போகும்வரை எனக்கும் இது தெரியாது. சட்டைபோல அதிலும் சைஸ் உண்டு என்பதே புதிய செய்தி.

வேலைக்குப் போகும் வழியில், ஒடாஹுஹு கடைத்தெருவுக்குப் பின்னால் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் மனோகரிடம் போனோம். ஃபிஜியில் பிறந்தவர். அவருடைய முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். "வாங்கோ", "சாப்பாடு", "நல்லா இருக்கு" என்ற மூன்றும்தான் அவரிடம் மிஞ்சியிருக்கும் தமிழ். மற்றதெல்லாம் இங்கிலீஷும் சிரிப்பும்.

மனோகர் இரண்டு பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று அறுநூறு, இன்னொன்று எழுநூற்றைம்பது. பந்தயத்தில் ஓட்டுவீர்களா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு எழுநூற்றைம்பதைத் தட்டி, "பிக்கர் இஸ் பெட்டர், சிஸ்டர். மை போட், சேம் ஒன்" என்றார். படகுக்கே அதைப் போட்டிருக்கிறார் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

"பெருசாவே வாங்கிடலாம்க்கா."

"ஓம். பிறகு தேவைப்படும்."

முடிவெடுக்க அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. ஏன் அவ்வளவு சுலபமாக எடுத்தோம் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

எனக்குப் பள்ளிக்கூடப் பாவாடை என்றைக்கும் அளவாகத் தைத்ததில்லை. வளர்கிற பிள்ளை என்று அம்மா தையற்காரரிடம் சொல்லி, உள்ளே நாலு மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்வார். ஆண்டுக்கு ஒரு மடிப்பு பிரியும். பிரித்த இடத்தில் புதுத் துணியின் நிறத்தில் ஒரு கோடு தெரியும், அதைப் பார்த்து நான் எந்த வகுப்பு என்று சொல்லிவிடலாம். ஷூ முனையில் பஞ்சு. சைக்கிள் வாங்கியபோது கால் எட்டவில்லை, "எட்டிடும்" என்றார் அப்பா.

அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. மகள் தவழத் தொடங்கும் முன்பே எப்சமில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தவர். அங்கே குடியிருந்தால்தான் அந்தப் பகுதியின் பேர்போன பள்ளியில் இடம். அந்த மகள் ஹைஸ்கூல் முடிக்கும்வரை, கூடத்தில் படுத்து எழுந்து அங்கேயே காலம் தள்ளினார்கள். பிறகுதான் பாபகூராவுக்கு வந்து சொந்த வீடு. எங்கள் இரண்டு வீட்டிலும் இருப்பது பத்து லிட்டர் குக்கர். இரண்டு வீட்டிலும் சாப்பிடுவது இரண்டு பேர்.

பெரிதாக வாங்கி ஏமாந்தது கிடையாது. பாவாடைக்கு ஏற்றபடி நான் வளர்ந்தேன். எப்சம் பள்ளிக்கு ஏற்றபடி அக்காவின் மகள் வளர்ந்தாள். கார் என்ஜின் வளராது என்பது மட்டும் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மனோகர் அதை மாட்டிக் கொடுத்த மறுநாள் காலைதான் அந்தச் சரிவும் பால் டேங்கரும்.

காலி இருக்கை

அடுத்த நாள் அக்கா சொன்னபடியே ரயிலில் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கோபித்துக்கொண்டிருக்கிறார், ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை, ஏனென்றால் அது கோபமே இல்லை.

கேன்டீனில் டீயோடு எதிரே வந்து உட்கார்ந்தவர், சுற்றி வளைக்காமல் சொன்னார். "காரை வித்துவிடுவம். மனோகரோட கதைச்சிட்டன். அவர் தனக்கே எடுக்கிறாராம். சனிக்கிழமை கொண்டுபோய் விடச் சொன்னவர்."

"ஒரு தடவை நின்னதுக்கா?"

"மீனா, தியேட்டருக்கு வாற ஆக்களில எத்தினை பேர் ரோட்டில இருந்து வாறவை எண்டு உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உமக்கு ஒண்டு நடந்தா, அந்த மேசைக்குப் பக்கத்தில கத்திரிக்கோல் எடுத்துக் குடுக்கிறது நான்." டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு ஏலாது."

 பாதி கார் அவருடையது. விற்கலாம் என்று தலையாட்டினேன்.

அந்த வாரம் தனியாகத்தான் போய் வந்தேன். ரயிலில் வரமாட்டீரா என்று அக்கா கேட்டார், வருவதாகச் சொன்னேன், ஆனால் போகவில்லை. ரயிலில் நாங்கள் பேசிக்கொள்வதைப் பேச முடியாது. அங்கே கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காரில் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது பிடிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கார் போவதைவிட அந்த இருக்கை காலியாக இருப்பதுதான் வலித்தது.

பொட்டும் கரியும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். விற்கப்போகிற சாமானாக இருந்தாலும், அது ஏன் கெட்டுப்போனது என்று தெரிந்தாக வேண்டும்.

கார்புரேட்டர் அளவு பற்றி இணையத்தில் தேடினால் ஊரே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. உன் என்ஜின் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது? சுழலக்கூடிய வேகத்தைக் கேட்கவில்லை. நீ நிஜமாகவே சுழற்றும் வேகம் என்ன?

எனக்குத் தெரியாது. பார்த்துவிடலாம் என்று, நெற்றியில் ஒட்டும் பொட்டு ஒன்றை எடுத்து, சுழற்சி காட்டும் மீட்டரின் கண்ணாடிமேல் ஒட்டினேன். ஓட்டும்போது முள் அதைத் தாண்டினால், அடுத்த சிக்னலில் நிற்கையில் பொட்டை மேலே நகர்த்துவேன். இரண்டாம் நாள் முடிவில் பொட்டு நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மீட்டரில் அதற்கு மேலேயும் நிறைய எண்கள் சும்மா கிடந்தன.

என்ஜினின் கொள்ளளவையும் சுழற்சியையும் பெருக்கி வகுக்க ஒரு கணக்கு இருக்கிறது. போட்டேன். தேவையான காற்று நானூறு கன அடிகூட வரவில்லை. தப்பாகப் போட்டேன் என்று மறுபடி போட்டேன். நான் ஒருநாளும் ஓட்டாத ஐயாயிரத்துக்குப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் நானூற்றைம்பதைத் தொடவில்லை. சேகரைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அவருக்கும் அதுவேதான் வந்தது.

"இதுக்கா எழுநூத்தம்பது வாங்குனீங்க?" என்றார். "பொண்ணுக்குச் சீர் குடுக்குற மாதிரில்ல வாங்கியிருக்கீங்க."

"பெருசா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? வேணுங்கிறத எடுத்துக்கட்டுமே. பத்து லிட்டர் குக்கர்ல ரெண்டு பேருக்குப் பொங்குறேனே?"

 சேகர் அன்று பின்கட்டில் பார்பெக்யூ போடுவதற்காகக் கரி மூட்டிக்கொண்டிருந்தார். கனல் பிடிக்காமல் வாயால் ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தது. நான் கராஜில் தேடி, கூரைத் தண்ணீர்க் குழாயை மாற்றியபோது மிஞ்சிய அகலமான துண்டை எடுத்து வந்து அதன் வழியே ஊதினேன். ஊதுவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு முழு மூச்சு. சாம்பல்கூட அசையவில்லை. பிறகு ஒரு மெல்லிய செம்புக் குழாய்த் துண்டை எடுத்து அதே மூச்சை ஊதினேன். கரி குப்பென்று சிவந்து, பொறி பறந்து சேகர் பின்னால் குதித்தார்.

அதே நெஞ்சு, அதே மூச்சு. அகலமான குழாயில் காற்று சோம்பலாக நடந்து போகிறது. குறுகலானதில் விரைகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை மேலே இழுப்பது அந்த விரைவுதான். நாங்கள் வாங்கியதில் காற்றுக்கு நாலு வாய், அத்தனையும் என் காலோடு கட்டிப்போட்டவை. நான் ஒரே மிதியாக மிதித்ததும் நாலும் ஒன்றாகத் திறந்துகொண்டன. காற்று வேகம் விழுந்துபோனது. பெட்ரோல் ஏறவில்லை. என்ஜின் வெறும் காற்றைக் குடித்துவிட்டு விக்கி நின்றது, சரியாக ஒரு பால் டேங்கருக்கு முன்னால்.

முகமெல்லாம் சாம்பலோடு நான் சிரித்தேன். 

விற்கிற காருக்கு எதற்கு?

மனோகரிடம் போய் அறுநூறை மாட்டித் தரச் சொன்னேன். "வொய் கோயிங் டவுன், சிஸ்டர்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கணக்கைக் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு தன் படகு ஏன் அலையில் திணறுகிறது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை தனக்கே வரப்போகிற காரில் நல்ல சாமானை இப்போதே மாட்டினால் தனக்கென்ன நஷ்டம் என்று சிரித்தபடி மாற்றிக் கொடுத்தார்.

நானூறுதான் வேண்டும் என்றால் ஏன் அறுநூறு என்று சில வாசகர்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தச் சின்னதில் நாலு வாயில் இரண்டுதான் நம் கால் சொல்வதைக் கேட்கும். மற்ற இரண்டும் என்ஜின் இழுக்கும்போது, அது இழுக்கிற அளவுக்கு மட்டும் திறக்கும். நாம் என்ன ஆசைப்பட்டாலும் அவை கண்டுகொள்ளாது.

மறுநாள் காலை தனியாக அதே சரிவில் ஏறி முழுசாக மிதித்தேன். ஒரு தயக்கம் இல்லை. அக்காவைத் தேடிப் போய்ச் சொன்னேன், கரி கதையையும் சேர்த்து. முழுவதும் கேட்டார்.

"விக்கிற காருக்கு ஏன் இவ்வளவு மினக்கெடுறீர்?"

"ஏன்னு தெரிஞ்சாகணும்க்கா."

"இப்ப தெரிஞ்சிட்டுது தானே. சந்தோசம்" என்று தியேட்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கணக்கால் பயத்தைப் போக்க முடியாது என்று எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை

காரைக் கொடுக்க இருவருமாகப் போவது என்று பேச்சு. காலையில் அக்கா வந்தபோது நான் காரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஓட்டுநர் கதவருகே போய் நின்றுகொண்டார்.

"திறப்பைத் தாரும்."

"அக்கா?"

"அரைவாசி என்ர கார். ஒருக்காக்கூட ஓட்டாமல் விக்கேலாது."

சாவியைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? வாசலில் நின்ற சேகர் கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

பாபகூரா தெருக்களில் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார். மோட்டார்வே சரிவில் சிக்னல் சிவப்பாக இருந்தது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.   கணக்கு சரி, கரி சரி, நேற்று ஓடியதும் சரி. இன்றைக்கு ஒருமுறை நின்றாலும் எல்லாம் முடிந்துபோகும்.

"எவ்வளவு அமத்த வேணும்?"

"முழுசா."

"முழுசாவோ?"

"ஆமாக்கா. தரை வரைக்கும்."

பச்சை விழுந்தது. வசந்தி அக்கா அழுத்தினார்.

இருக்கை எங்களை முதுகில் பிடித்துத் தள்ளியது. சரிவு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. வலது பக்கம் படகை இழுத்துக்கொண்டு வந்த ஒரு வண்டிக்கு வெகு முன்னால் நாங்கள் வரிசைக்குள் இருந்தோம். நான் மூச்சை விட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

 வழியிலுள்ள மனுரேவா தாண்டியதும் அக்கா ஜன்னலைப் பாதி இறக்கினார்.

"மகள் செவ்வாய்க்கிழமை போன் எடுத்தவள்!" என்று கத்தினார்.

"என்னவாம்?" என்று நானும் கத்தினேன்.

சொல்ல ஆரம்பித்தார். மகளுக்கு யாரோ ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். அப்பாவிடம் சொல்லாதே என்றாளாம். பையன் என்ன வேலை, எந்த ஊர், சைவம்தான் சாப்பிடுகிறானாமே அதை எப்படிச் சமாளிப்பது என்று ஒவ்வொன்றாக, காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு, ஒரு வாரமாக ரயிலில் சுமந்துகொண்டு போனதையெல்லாம். நான் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒடாஹுஹு பலகை வந்தது.

"அக்கா, இதுதான் எக்ஸிட்."

"அவன்ர தாய் தகப்பன் நல்ல ஆக்களாம்" என்றார் அக்கா. கார் இடப்பக்கம் திரும்பவில்லை. பலகை தலைக்கு மேலே போய்விட்டது.

"அக்கா, ஒடாஹுஹு போயிடுச்சு."

"ஓம், கண்டனான்." பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மனோகருக்கு ஒருக்கா போன் எடும்."

"எடுத்து என்னன்னு சொல்ல?"

"திங்கக்கிழமை விடிய எங்களுக்குக் கார் வேணுமெண்டு சொல்லும்."